பழைய ஆம்ப்ளிஃபையரின் உண்மை விலை

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தை அளித்த மண் அது. மூடப்பட்ட அன்றும் பாறைக்குள் தங்கம் இருக்கத்தான் செய்தது. ஆனால் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து பாறையைப் பெயர்த்து, மேலே கொண்டுவந்து, பொடித்து, அதிலிருந்து தங்கத்தைப் பிரிக்க ஆகும் செலவு, கிடைக்கும் தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. ஒரு பொருளுக்குள் இருக்கும் மதிப்பு வேறு, அதை வெளிக்கொணர ஆகும் செலவு வேறு என்பதைத் தங்கவயல் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இசை ஆர்வலர்கள் விரும்பி வாங்கும் பழைய உயர்தர ஆம்ப்ளிஃபையர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில் வேலைக்காகப் பெங்களூரு சென்று திரும்புவோர் இவ்வூரில் ஏராளம். மின்னணுக் கடைகள் நிறைந்த பெங்களூரின் எஸ்.பி. ரோடு அவர்களுக்குப் பழக்கமான இடம். பணி ஓய்வுக்குப் பின் கையில் சற்றுப் பணம் சேர்ந்ததும், இளமையில் எட்டாதிருந்த ஓர் இசைக் கருவியை வீட்டில் வைக்க விரும்புவது நியாயமான ஆசையே. அந்த ஆசைக்கு எவ்வளவு செலவாகும் என்பதை முன்கூட்டியே சரியாகக் கணக்கிட இக்கட்டுரை உதவும்.

பழையதற்கு ஏன் இத்தனை மதிப்பு?

அமெரிக்காவின் மெக்கின்டோஷ் நிறுவனம் 1961இல் வெளியிட்ட எம்சி 275, இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1967இல் வெளியிட்ட 303, 1978இல் வந்த நாட் 3020 ஆகியவை இன்றும் தேடி வாங்கப்படுகின்றன. கனமான மின்மாற்றி, தடித்த அலுமினிய முகப்பு, கழற்றிப் பழுதுபார்க்க ஏற்ற உள்ளமைப்பு ஆகியவை அக்காலத் தயாரிப்புகளின் சிறப்பு. 1991க்கு முன் இறக்குமதித் தீர்வை மிக அதிகமாக இருந்ததால், நம் நாட்டில் இவற்றைக் காண்பதே அரிது. சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர்கள் கொண்டுவந்த ஜப்பானியப் பெட்டிகளே பல குடும்பங்களின் பெருமையாக இருந்தன. அவ்வகைப் பெட்டிகளே இன்று பழைய பொருள் சந்தையில் கைமாறுகின்றன.

பெயரை மட்டும் நம்பி விலை பேசக் கூடாது. சான்சூய் என்னும் பெயர் பிற்காலத்தில் உரிம அடிப்படையில் இந்தியாவில் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் இடம்பெற்றது. பெயர் ஒன்றாக இருப்பதால் தயாரித்த ஆலையும் தரமும் ஒன்றாகிவிடா. பின்புறத் தகட்டில் உள்ள மாதிரி எண், தொடர் எண், தயாரித்த நாடு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மின்னழுத்தம்

சிவசமுத்திரத்திலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே மின்சாரம் பெற்ற ஊர் தங்கவயல். இன்று நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென உருவான ஆம்ப்ளிஃபையருக்கோ 100 வோல்ட் போதும். அமெரிக்கப் பெட்டிக்கு 120 வோல்ட். இவற்றை நேரடியாக நம் மின்செருகியில் இணைத்தால் நொடியில் பழுதாகும். ஏற்றுமதிக்காகத் தயாரான சில பெட்டிகளின் பின்புறம் மின்னழுத்தத்தை மாற்றியமைக்கும் வசதி இருக்கும். அது இல்லையெனில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. ஆம்ப்ளிஃபையர் 300 வாட் மின்சாரம் இழுக்குமானால், குறைந்தது 500 விஏ திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மரை வாங்குவது பாதுகாப்பு.

உள்ளே மூப்படைவது எது?

தங்கம் நூறாண்டு மண்ணில் கிடந்தாலும் கெடுவதில்லை. ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் மின்தேக்கிகளின் நிலை அதுவன்று. கடைகளில் கெப்பாசிட்டர் எனப்படும் இவற்றுள் திரவம் கொண்ட எலக்ட்ரோலைட்டிக் வகை, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காலப்போக்கில் உலர்ந்துவிடும். அதன் விளைவுகளில் ஒன்று, இசை இல்லாதபோதும் ஸ்பீக்கரில் கேட்கும் தொடர்ந்த ரீங்காரம். "பெட்டியைத் திறந்ததே இல்லை, முப்பது ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், மின்தேக்கிகளை மாற்றும் செலவு நம்மைச் சேரும் என்று பொருள்கொள்ள வேண்டும்.

வாங்குமுன் செய்யக்கூடிய சோதனைகள் சில:

வால்யூம் குமிழை மெதுவாக முழுச் சுற்றும் திருப்பிப் பார்க்க வேண்டும். கரகரப்பு மட்டும் கேட்டால், பெரும்பாலும் சுத்தம் செய்வதால் சரியாகும். இடப்புற, வலப்புற ஒலியில் ஒன்று விட்டுவிட்டு வந்தால் கோளாறு ஆழமானது.

குறைந்தது ஒரு மணி நேரமாவது தொடர்ந்து பாடவிட வேண்டும். பல கோளாறுகள் பெட்டி சூடேறிய பிறகே வெளிப்படும்.

டிரான்சிஸ்டர் வகைப் பெட்டியானால், ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, அவற்றை இணைக்கும் முனைகளில் நேர்மின் அழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்கலாம். பொதுவாக அது 50 மில்லிவோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. அதிகமாக இருந்தால், ஆம்ப்ளிஃபையரோடு ஸ்பீக்கரும் பழுதாகக்கூடும். வால்வு வகைப் பெட்டியில் இச்சோதனையைச் செய்யலாகாது; ஸ்பீக்கர் இணைக்காமல் அதை இயக்கினால் உள்ளிருக்கும் வெளியீட்டு மின்மாற்றி சேதமடையலாம்.

இவற்றைத் தாமே செய்ய இயலாதவர்கள், அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது சிறந்தது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

கூட்டிப் பார்க்க வேண்டிய தொகை

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். விற்பவர் கேட்கும் விலை ரூ.60,000 என்று கொள்வோம். டிரான்ஸ்ஃபார்மருக்கு ரூ.5,000, மின்தேக்கிகளையும் ரிலேயையும் மாற்றக் கூலியுடன் ரூ.12,000, பாதுகாப்பாகக் கொண்டுவர ரூ.2,000 ஆகலாம். ஆக, அந்தப் பெட்டியின் உண்மை விலை ரூ.79,000. நல்ல நிலையில் உள்ள, 230 வோல்ட்டில் இயங்கும் அதே மாதிரி வேறிடத்தில் ரூ.70,000க்குக் கிடைக்குமானால், முதலில் மலிவாகத் தோன்றியதே விலை உயர்ந்தது. இந்தக் கணக்கை விற்பவரின் முன்னிலையிலேயே காகிதத்தில் எழுதிக் காட்டி விலை பேசுவதில் தவறில்லை.

பணம் கொடுக்கும் முறை

நகைக்கு ஹால்மார்க் முத்திரை உண்டு. உரைகல்லில் தேய்த்துத் தரம் காணும் மதிப்பீட்டாளர் உண்டு. அதனால்தான் வங்கி நகையின் பேரில் கடன் தருகிறது. பழைய ஆம்ப்ளிஃபையருக்கு இவை எவையும் இல்லை. எனவே, நேரில் பார்த்து, கேட்டு, சோதித்த பிறகே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும்.

படங்களை மட்டும் அனுப்பி, இராணுவத்தில் பணிபுரிவதாகவும் மாற்றலாகிச் செல்வதால் அவசரமாக விற்பதாகவும் கூறி முன்பணம் கேட்கும் மோசடி நாடெங்கும் நடந்துவருகிறது. பொருளை விற்பவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைப் பதிவிட வேண்டிய அவசியமே இல்லை. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. அவ்வாறு செய்யச் சொல்பவர் நம் பணத்தை எடுக்க முயல்கிறார். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்வதோடு, தங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். புகார் விரைவாகப் பதிவானால், பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

நேரில் வாங்கும்போதும், தொகையை வங்கிக் கணக்கின் மூலம் செலுத்தி, மாதிரி எண், தொடர் எண், விலை, நாள் ஆகியவற்றைக் குறித்த கையொப்பமிட்ட இரசீதைப் பெறுவது நன்று. திருட்டுப் பொருள் என்ற சிக்கல் பின்னாளில் எழுந்தால் அந்தக் காகிதமே நமக்குச் சான்று.

ஆசைக்கும் ஒரு கணக்கு

ஓய்வுக்கால வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறித்தோ, தனிநபர் கடன் பெற்றோ இத்தகைய பொருளை வாங்குவது உகந்ததன்று. மாதம் ரூ.5,000 வீதம் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தினால், 12 மாதங்களில் ரூ.60,000 அசலும் அதற்கான வட்டியும் சேர்ந்துவிடும். சேமிக்கும் அந்த ஓராண்டில் பல பெட்டிகளைக் கேட்டுப் பார்க்கலாம், விலை நிலவரம் அறியலாம், நம்பகமான பழுதுபார்ப்பவரைத் தேடிக்கொள்ளலாம். பணமும் விவரமும் ஒருசேரக் கைக்கு வந்தபின் வாங்கும் ஆம்ப்ளிஃபையரில், கேட்கும் பாட்டை நிம்மதியாகவும் கேட்கலாம்.