ஒரே குடும்பம், மூன்று ரயில் நிலையங்கள்

அக்காள் தஞ்சாவூரில், தம்பி பாபநாசத்தில், தம்பி மகள் கும்பகோணத்தில். காவிரிப் படுகையில் பல குடும்பங்கள் இப்படித்தான் ஒரே ரயில் பாதையின் அடுத்தடுத்த ஊர்களில் பிரிந்து வாழ்கின்றன. எழுபது வயதைக் கடந்த அக்காளுக்குச் சென்னையில் கண் அறுவை சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். மூவரும் சேர்ந்து செல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து மெயின் லைன் வழியாகச் சென்னை எழும்பூர் செல்லும் உழவன் விரைவு ரயில் இம்மூன்று ஊர்களிலும் நின்று செல்கிறது. இரவில் எழுந்து நடக்கத் தடுமாறும் மூதாட்டிக்குப் பக்கத்துப் படுக்கையில் உறவினர் ஒருவர் இருந்தாக வேண்டும். அடுத்தடுத்த படுக்கைகளைப் பெறுவது எப்படி?

ஒரே பயணச்சீட்டில் ஆறு பேர் வரை முன்பதிவு செய்யலாம். ஒரு சீட்டில் இருப்பவர்களுக்கு இயன்றவரை அருகருகே இடம் கிடைக்கும். ஆனால், ஒரு பி.என்.ஆர். எண்ணுக்கு ஏறும் நிலையம் ஒன்றுதான். தஞ்சாவூர் என்று பதிவு செய்துவிட்டு மற்ற இருவரும் வழியில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அவர்கள் வரவில்லை என்று பயணச்சீட்டுப் பரிசோதகர் குறித்துவிடக்கூடும். பரிசோதகர்களிடம் இப்போது கையடக்கக் கருவி இருப்பதால், காலியான படுக்கை விரைவிலேயே காத்திருப்போருக்குப் போய்விடும். கும்பகோணத்துக்கு மாற்றினாலோ, அக்காள் தஞ்சாவூரில் ஏறும் உரிமையையே இழந்துவிடுவார். மீறி ஏறினால் இடைப்பட்ட தூரத்துக்குக் கட்டணமும் அபராதமும் செலுத்த நேரிடும்.

அப்படியானால், அவரவர் ஊரிலிருந்து தனித்தனியாகச் சீட்டு எடுத்தால் என்ன? இங்கேதான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. ரயில்வே விற்பது வெறும் படுக்கையை அன்று; குறிப்பிட்ட இரு நிலையங்களுக்கு இடையே அந்தப் படுக்கையைப் பயன்படுத்தும் உரிமையை. ஒருவர் பாதி வழியில் இறங்கினால் எஞ்சிய தூரத்துக்கு அதே படுக்கையை வேறொருவருக்கு விற்கலாம். நெடுந்தூரப் பயணிகளே எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக, ரயில் புறப்படும் நிலையத்துக்குப் பொது ஒதுக்கீடும் இடைநிலையங்களுக்கு வேறு ஒதுக்கீடுகளும் வகுக்கப்படுகின்றன. பற்றாக்குறையான பண்டத்தைப் பங்கிடும் முறை என்ற அளவில் இதில் குறை காண முடியாது. ஆனால், தஞ்சாவூரிலிருந்து எடுத்த சீட்டும் கும்பகோணத்திலிருந்து எடுத்த சீட்டும் வெவ்வேறு ஒதுக்கீடுகளில் விழுந்தால், வெவ்வேறு பெட்டிகளில் இடம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். அவர்கள் உறவினர்கள் என்பது கணினிக்குத் தெரியாது.

இன்றைய விதிகளுக்குள்ளேயே ஓரளவு பயன்தரும் வழி ஒன்று உண்டு. எல்லாச் சீட்டுகளையும் ரயில் புறப்படும் தஞ்சாவூரிலிருந்தே எடுக்க வேண்டும். வழியில் ஏறுபவரின் சீட்டில் மட்டும் ஏறும் நிலையத்தைக் கும்பகோணம் என்று குறிப்பிட வேண்டும். கட்டணம் தஞ்சாவூரிலிருந்துதான் கணக்கிடப்படும். ஆனால், ஏறத்தாழ 350 கிலோமீட்டர் பயணத்தில் கும்பகோணம் வரையிலான தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான் என்பதால் கூடுதல் செலவு மிகச் சிறியது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. முன்பதிவு தொடங்கும் நாளிலேயே, இடங்கள் நிறைய இருக்கும்போது, ஒன்றன்பின் ஒன்றாகச் சீட்டுகளை எடுத்தால் ஒரே பெட்டியில் அருகருகே அமையக்கூடும். எனினும், இதற்கு உறுதி கிடையாது. முதல் வகுப்பு ஏ.சி.யில் நான்கு பேருக்கான அறையும் இருவருக்கான கூபேயும் உண்டு. ஆனால், எந்த அறை என்பது பயணப் பட்டியல் தயாராகும்போதுதான் தெரியவரும்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. அறுபது வயதைக் கடந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைகள் தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ பயணம் செய்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் சீட்டு எடுக்க முடியும். துணைக்கு வரும் இளம்பெண்ணை அதே சீட்டில் சேர்த்தால் அந்தச் சலுகை கிடைக்காது. அதாவது, முதியவருக்குக் கீழ்ப்படுக்கை வேண்டுமா, துணை வேண்டுமா என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது விதி. இரண்டும் தேவைப்படுபவர்தானே முதியவர்?

ஆகவே, நாம் எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு நான் சொல்லும் யோசனை இது. தம்பியும் அறுபதைக் கடந்தவர் என்றால், அக்காளும் அவரும் ஒரே சீட்டில் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டைக் கேட்கலாம். பாபநாசத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் எதிர்த்திசையில் பயணம் செய்து, மாலையிலேயே தஞ்சாவூர் சென்று அக்காளுடன் அவர் ஏறிவிடட்டும். மகள் தனிச்சீட்டில் கும்பகோணத்தில் ஏறிக்கொள்ளட்டும். அவளுக்கு வேறு பெட்டியில் இடம் கிடைத்தாலும், துணை தேவைப்படுபவர் தொடக்கம் முதல் தனியாக இருக்க மாட்டார்.

ஆனால், சென்னை செல்வதற்கு எதிர்த்திசையில் ஒரு பயணம் என்பது தீர்வாகாது. அது ஒரு சமாளிப்பு மட்டுமே. அரசு விரைவுப் பேருந்தில் இருக்கைகளின் படத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பதுபோல் ரயிலிலும் செய்யக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லோரும் கீழ்ப்படுக்கையையே தேர்ந்தெடுத்தால், விவரமறிந்தவர்கள் முந்திக்கொள்ள, முதியவர்களுக்கே இடம் இல்லாமல் போகும். எனவே, நான் அதைக் கேட்கவில்லை. நான் கேட்பவை இரண்டுதான். ஒரே பயணச்சீட்டில் ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனி ஏறும் நிலையத்தைக் குறிப்பிட இடமளிக்க வேண்டும். கட்டணத்தை ரயில் புறப்படும் நிலையத்திலிருந்தே வசூலித்துக்கொள்ளட்டும். அப்போது ரயில்வேக்கு ஒரு ரூபாய்கூட இழப்பு இராது. யாருடைய படுக்கையும் பறிபோகாது. அடுத்து, முதியவருடன் வரும் துணைவர் ஒருவருக்கு, வயது எதுவானாலும், அதே பகுதியில் நடுப்படுக்கையோ மேல்படுக்கையோ கிடைக்கும்படி விதியைத் திருத்த வேண்டும்.

டெல்டாவின் சிற்றூர்களில் இன்று பெரும்பாலும் முதியவர்களே எஞ்சியிருக்கிறார்கள். பெரிய சிகிச்சை என்றால் இரவு ரயிலேறிச் சென்னைக்குத்தான் அவர்கள் போக வேண்டியிருக்கிறது. முன்பதிவுப் படிவத்தில் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்தால், அந்த இரவில் விழித்துக் குரல் கொடுக்கும்போது பதில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பார்.