இரட்டையர் ஆட்டம் ஒரு தனித்தொழில்

ஒற்றையரில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம்தான் இரட்டையர் ஆட்டம் என்ற எண்ணம் டென்னிஸ் தெரிந்தவர்களிடமே ஊறிப்போயிருக்கிறது. மதுரையில் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும் ஒற்றையர் தரவரிசையைத்தான் முதலில் விசாரிப்பார்கள். ஆனால் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. பெரியவர் பிரிவில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டத்தை இதுவரை எந்த இந்தியரும் வென்றதில்லை. தென்காசியில் வளர்ந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனதே நாம் தொட்ட உச்சம். முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம் 1997இல் வந்தது. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, ஜப்பானின் ரிகா ஹிராகியுடன் சேர்ந்து பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையரில் வென்றார். 1999இல் அவரும் லியாண்டர் பயஸும் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் இறுதிக்கு வந்து, பாரிஸிலும் விம்பிள்டனிலும் கோப்பையைத் தூக்கினார்கள்.

இது ஒரு தனிக் கைத்திறன். ஒற்றையர் ஆடுகளத்தின் அகலம் 27 அடி; இரட்டையருக்கு 36 அடி. கூடுதலாகக் கிடைப்பது ஒன்பது அடிதான், ஆனால் அதைக் காக்க இன்னொரு ஆளே நிற்கிறார். அதனால் திறந்த இடம் சுருங்கிவிடுகிறது. பின்கோட்டில் நின்று பந்தை நீளமாக அடித்துக்கொண்டே இருப்பவருக்கு இங்கே வேலை குறைவு; வலையருகே நிற்கும் எதிராளி குறுக்கே பாய்ந்து பந்தை முடித்துவிடுவார். சர்வீஸை அவர் கைக்கு எட்டாமல், ஓடிவருகிறவரின் காலடியில் தாழ்வாகத் திருப்ப வேண்டும். ஜோடி எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சர்வீஸுக்கு முன்பே சைகையால் முடிவு செய்ய வேண்டும். கால்வேகத்தைவிடக் கைவேகமும் முன்கணிப்பும் பெரிதாகிவிடுவதால் வயது அவ்வளவாகத் தடுப்பதில்லை. 2024 செப்டம்பரில் ஹாங்சோ ஏடிபி 250 போட்டியில் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் பட்டம் வென்றபோது இருவருமே முப்பத்தைந்தைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஓபனை மேத்யூ எப்டனுடன் வென்ற ரோஹன் போபண்ணாவுக்கு வயது 43.

முன்னணி ஒற்றையர் வீரர்கள் இறங்குவதில்லை, அதனால்தான் இவர்கள் ஜெயிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2025 அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையரில் அதற்கு ஒரு சோதனையே நடந்தது. ஒற்றையர் நட்சத்திரங்களை வரவழைக்க ஆட்டத்தையே சுருக்கி, பரிசை 10 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். வென்றது யார்? இரட்டையரையே தொழிலாகக் கொண்ட இத்தாலியின் சாரா எரானியும் ஆந்த்ரேயா வவாசோரியும். இறுதியில் அவர்கள் வீழ்த்தியது, அந்த ஆண்டு விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்ற இகா ஸ்வியாடெக்கையும் காஸ்பர் ரூட்டையும். ஒரே போட்டியை வைத்து எல்லாம் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பழைய சந்தேகத்துக்கு இனி அவ்வளவு பலமில்லை.

பணம் பற்றிய ஆட்சேபத்தை அப்படித் தள்ள முடியாது. 2025 விம்பிள்டனில் ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றவருக்கே 66,000 பவுண்ட். இரட்டையர் முதல் சுற்றில் தோற்ற ஜோடிக்கு 16,500, அதையும் இருவர் பங்கிட வேண்டும். துணை ஆட்டக்காரரை நம்பியே பிழைப்பு என்பதும் உண்மை. பாரிஸ் ஒலிம்பிக்கில் கோயம்புத்தூர்க்காரரான ஸ்ரீராம் பாலாஜி ஆட முடிந்தது, முதல் பத்து இடங்களுக்குள் இருந்த போபண்ணாவுக்கு ஜோடியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இருந்ததால்தான். ஆகவே பதினான்கு வயதில் ஒற்றையரை விட்டுவிடச் சொல்வது தவறு. ஆனால் ராம்குமார் ராமநாதனைப் பாருங்கள்: 2018இல் நியூபோர்ட் ஒற்றையர் இறுதிவரை வந்தவர், 2022இல் போபண்ணாவுடன் அடிலெய்டிலும் புனேயிலும் இரட்டையர் பட்டங்களை வென்றார், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சாகேத் மைனேனியுடன் வெள்ளி பெற்றார். இரண்டு கதவுகளும் அவருக்குத் திறந்திருந்தன. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பயிற்சி தருபவர்கள், நேரம் மிஞ்சினால் இரட்டையர் என்று வைக்காமல் வாரத்தில் ஒரு நாளையாவது அதற்கென்றே ஒதுக்க வேண்டும். பெற்றோரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.