எக்ஸ்ரேயில் தெரியாத எலும்பு முறிவு

ஓடி விளையாடுகிற பிள்ளை விழாமல் இருக்குமா? சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் அம்மா பட்டாசு வேலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ போயிருக்கும் நேரத்தில்தான் பிள்ளை திண்ணையிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்து வைக்கும். அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "முறிவு எதுவும் தெரியலைம்மா" என்பார் டாக்டர். போன உயிர் திரும்பி வரும்.

ஆனால் சகோதரிகளே, 'தெரியவில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு.

வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளில் குருத்தெலும்பு இருக்கிறது. எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். எக்ஸ்ரேயில் அது வெறும் இடைவெளியாகத்தான் தெரியும். முழங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறு இடங்களில், சுமார் 1 வயதிலிருந்து 11 வயதுக்குள், ஒவ்வொன்றாக எலும்பு தோன்றுகிறது. எனவே இயல்பான இடைவெளியை முறிவென்றும், முறிவை இயல்பென்றும் நினைத்துவிட வாய்ப்புண்டு. கூட்டமும் அவசரமுமான வேளையில் தேர்ந்த கண்ணும் தடுமாறும்.

வளரும் நுனியில் ஏற்படும் முறிவுகளை 1963-ல் கனடாவின் சால்டர், ஹாரிஸ் என்ற இரு மருத்துவர்கள் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் எலும்பு விலகாதிருந்தால் படம் சுத்தமாகவே இருக்கலாம். நடை பழகும் குழந்தைக்கு முழங்காலுக்குக் கீழே விழும் மயிரிழைக் கீறலும் முதல் நாள் படத்தில் ஒளிந்துகொள்ளும்.

நாம் செய்ய வேண்டியது என்ன? எப்படி விழுந்தது, எந்த இடத்தைத் தொட்டால் அழுகிறது என்று டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். வலி இருந்தால், படம் சரியாக இருந்தாலும் கட்டுப்போட்டு, 7 முதல் 14 நாளுக்குள் மறுபடி வரச் சொல்வதுண்டு. அதற்குள் புது எலும்பு படிந்து, முறிவு காட்டிக்கொடுத்துவிடும். "வலிதான் குறைஞ்சிருச்சே, ஒருநாள் சம்பளம் போகுமே" என்று இருந்துவிடாதீர்கள். கவனிக்காத முழங்கை முறிவு பின்னாளில் கையைக் கோணலாக்கலாம். வளரும் நுனி கெட்டால் ஒரு கால் குட்டையாகிவிடலாம்.

எண்ணெய் தேய்த்து உருவுவதும், பத்தை வைத்து இறுக்குவதும் வேண்டாம். கட்டுப்போட்ட பின் விரல் நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் எடுத்த படத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் டாக்டருக்கு வித்தியாசம் புரியும்.