ராயபுரத்துக் குப்பையும் டெண்டர் கணக்கும்

அரசு வேலையைப் போட்டி வைத்துத் தனியாரிடம் கொடுத்தால் செலவு குறையும், வேலையும் ஒழுங்காக நடக்கும் என்பது நம் காலத்தின் பெரிய நம்பிக்கை. சென்னையில் அது குப்பை வண்டியிலும் ஏறியது. 2000இல் சில மண்டலங்களுக்கு ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் வந்தது. 2007இல் நீல் மெட்டல், பிறகு ராம்கி, 2020இல் உர்பேசர் சுமீத். அதுவரை மாநகராட்சியே பார்த்துவந்த ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் 2025இல் ஒப்பந்தத்துக்குப் போயின.

நான் ராயபுரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். என் வகுப்புப் பிள்ளைகளில் பலருடைய அம்மாக்கள் தூய்மைப் பணியாளர்கள். விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தாங்களே தலைவாரிக்கொண்டு வருவார்கள். அதனால் இந்த டெண்டர் எனக்கு வெறும் செய்தி அல்ல.

தொட்டி நிரம்பிக் கல்மண்டபம் மார்க்கெட் ஓரம் வழிந்தால் யார் பொறுப்பு என்று கேட்பது நியாயம். ஒப்பந்தம் போட்டு, வேலை நடக்காவிட்டால் பணத்தைப் பிடிப்பது அதற்கு ஒரு வழி. ஆனால் எதை அளந்து பணம் தருகிறோம்? தொடக்க கால ஒப்பந்தங்களில் டன் கணக்கு. எடை கூடினால் வருமானம் கூடும் என்றால், குப்பையைத் தரம் பிரித்துக் குறைக்க யார் மெனக்கெடுவார்கள்? வடசென்னைக் குப்பை போய்ச் சேர்வது கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்கு. அந்தக் குப்பை மலையின் நாற்றத்தில் வாழ்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். 2020 ஒப்பந்தங்களில் எடையை விட்டுவிட்டுச் செயல்திறன் குறியீடுகளைக் கொண்டுவந்தார்கள். நல்ல திருத்தம் அது, மனதாரச் சொல்கிறேன்.

கூலி விஷயத்தில் அந்தக் கவனம் இல்லை. மண்ணடியிலும் கொத்தவால்சாவடியிலும் பெரிய லாரி நுழையாத சந்துகள் ஏராளம். அங்கே வேலை என்றால் ஆளும் துடைப்பமும் பேட்டரி வண்டியும்தான். செலவில் பெரும்பங்கு சம்பளமாக இருக்கும் தொழிலில், குறைந்த விலை கேட்டு வெல்பவர் எங்கே மிச்சம் பிடிப்பார்?

ராயபுரத்தில் நடந்தது அதுதான். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ்ப் பல ஆண்டுகள் உழைத்தவர்கள், சுமார் 23,000 ரூபாய் வாங்கிய இடத்தில் தனியாரிடம் 16,000 சொச்சம்தான் கிடைக்கும் என்றார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. ஒரு வாரத்தில் வந்த தீர்ப்பு, தனியாருக்குக் கொடுத்த தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்தது. கடைசியாக வாங்கிய சம்பளம் குறையாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னது.

அந்த இரண்டாம் பகுதியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். குறையும் சுமார் ஆறாயிரம் ரூபாய் என்பது எங்கள் பகுதியில் ஒரு வீட்டு வாடகை. "சம்பளம் கொறஞ்சா மொதல்ல நிக்கிறது இவ டியூஷன்தான் டீச்சர்" என்று ஒரு பழைய மாணவியின் அம்மா சொன்னார். அரசு ஒரு கையால் அந்தப் பெண்ணின் படிப்புக்குச் செலவழித்துவிட்டு மறு கையால் அவள் வீட்டு வருமானத்தைக் குறைத்தால், மிச்சமானது என்ன?

நான் போட்டிக்கு எதிரியல்ல. வண்டி எப்படி ஓடுகிறது, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு ஆள் வருகிறது, எவ்வளவு தரம் பிரிக்கப்படுகிறது என்பதில் நிறுவனங்கள் போட்டியிடட்டும். கூலியை ஏலத்துக்கு வெளியே வைக்க வேண்டும். தெரு பெருக்கியாயிற்றா என்று பார்க்கும் அதே குறியீட்டுப் பட்டியலில், பழைய சம்பளம் முழுதாக வந்ததா, வருங்கால வைப்பு நிதி கட்டப்பட்டதா என்றும் இருக்கட்டும். தவறினால் அதற்கும் பணம் பிடிக்கட்டும். அந்தப் பட்டியலை மாதாமாதம் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், நாங்களே போய்ப் படித்துக்கொள்கிறோம்.