செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான கருவிச் சேவையகங்கள்: நிறுவலும் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மொழி மாதிரிகள் வினாவுக்கு விடை கூறும் நிலையைக் கடந்து, கோப்பைத் திறத்தல், மின்னஞ்சல் அனுப்புதல், தரவுத்தளத்தைத் திருத்துதல் முதலிய வினைகளை ஆற்றும் முகவர்களாக வளர்ந்துள்ளன. இவ்வினைகளுக்கு வாயிலாக அமைபவை கருவிச் சேவையகங்கள். அழைப்பவர் யார் என்பதைச் சரிபார்த்தல் மட்டுமே இவற்றைக் காக்கப் போதாது என்பதையும், காப்பின் அடித்தளம் மாதிரிக்கு வெளியே, வழங்கப்படும் அதிகாரத்தின் வரம்பில் அமைய வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முகவர், கருவிச் சேவையகம், நெறிமுறை, அணுகல் சீட்டு, அதிகார வரம்பு.

முன்னுரை

மொழி மாதிரி தானாக எக்கோப்பையும் திறப்பதில்லை. அது உருவாக்குவது உரை மட்டுமே. இன்ன கருவியை இன்ன உள்ளீட்டுடன் இயக்குக என்று அது எழுதும் உரையை முகவர் செயலி படித்து, உரிய சேவையகத்திற்கு அனுப்புகிறது. சேவையகம் அவ்வினையை ஆற்றி, விளைவை மாதிரி படிப்பதற்காகத் திருப்பித் தருகிறது. முன்னர் ஒவ்வொரு செயலியையும் ஒவ்வொரு கருவியுடனும் இணைக்கத் தனித்தனி நிரல் எழுத வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' (எம்.சி.பி.) என்னும் திறந்த நெறிமுறை இவ்விணைப்புக்குப் பொது வடிவம் தந்தது. இதில் செய்திகள் ஜேசன்-ஆர்.பி.சி. 2.0 முறையில் பரிமாறப்படுகின்றன.

நிறுவும் முறைகள்

கருவிச் சேவையகத்தை இருவகையாக நிறுவலாம். முதல் வகையில், அது பயனரின் கணினியிலேயே ஒரு துணைநிரலாக இயங்கி, முகவர் செயலியுடன் நேரடியாக உரையாடுகிறது. இம்முறை எளிது. ஆயினும், தனியே கட்டுப்படுத்தாவிடில், பயனர் திறக்கக்கூடிய கோப்புகள் அனைத்தையும் அந்நிரலும் திறக்கக்கூடும். இரண்டாம் வகையில், சேவையகம் தொலைவில் இருந்து எச்.டி.டி.பி. வழியாகப் பலருக்குப் பணியாற்றுகிறது. இங்கு அடையாளச் சரிபார்ப்பு இன்றியமையாதது. சொந்தக் கணினியில் எச்.டி.டி.பி. வழியாக இயக்குவோரும் சேவையகத்தை 127.0.0.1 என்னும் உள்முகவரியோடு நிறுத்திக்கொள்ளுதல் வேண்டும். அழைப்பு எந்த இணையதளத்திலிருந்து எழுந்தது என்பதையும் சரிபார்த்தல் வேண்டும். இல்லையெனில் உலாவியில் திறந்த ஓர் அயல் பக்கம் அச்சேவையகத்தை இயக்க இடமுண்டு.

அடையாளச் சரிபார்ப்பு

2025 மார்ச் மாதப் பதிப்பில் இந்நெறிமுறை ஓ-ஆத் 2.1 அடிப்படையிலான அனுமதி முறையை ஏற்றது. பயனரின் கடவுச்சொல்லைப் பெறாமல், குறிப்பிட்ட உரிமைகளை மட்டும் கொண்ட அணுகல் சீட்டைச் சேவையகம் பெறுகிறது. தனக்கென வழங்கப்பட்ட சீட்டை மட்டுமே சேவையகம் ஏற்க வேண்டும். பெற்ற சீட்டை அப்படியே வேறொரு சேவைக்குக் கடத்தக் கூடாது. இவ்விரு விதிகளும் 2025 ஜூன் பதிப்பில் வலியுறுத்தப்பட்டன. இவை திருட்டுச் சீட்டைத் தடுக்க உதவும். முறையான சீட்டுடன் வரும் தவறான ஏவலை இவற்றால் இனங்காண இயலாது.

குழம்பிய பதிலாள்

இச்சிக்கல் புதிதன்று. 1988இல் நார்ம் ஹார்டி இதனைக் 'குழம்பிய பதிலாள்' எனப் பெயரிட்டு விளக்கினார். ஒரு நிரல்தொகுப்பிக்குப் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் எழுதுவதற்காக ஒரு கோப்புறையில் எழுதும் உரிமை தரப்பட்டிருந்தது. கட்டணக் கணக்கும் அதே கோப்புறையில் இருந்தது. பயனர் ஒருவர் தம் வெளியீட்டுக் கோப்பின் பெயராகக் கணக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். தொகுப்பி கணக்கை அழித்து எழுதியது. பயனருக்கு அந்த உரிமை இல்லை, தொகுப்பிக்கு இருந்தது. யாருடைய அதிகாரத்தால் எழுதுகிறோம் என்பதைத் தொகுப்பி அறிய வழியில்லை.

முகவர்களிடம் இக்குழப்பம் மேலும் ஆழமானது. பயனரின் கட்டளையும், கருவி கொணர்ந்த ஆவணமும் ஒரே உரையோட்டத்தில் மாதிரியை அடைகின்றன. 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் கிட்ஹப் கருவிச் சேவையகத்தைக் கொண்டு இதனைச் செய்துகாட்டினர். பொதுக் களஞ்சியம் ஒன்றில் அயலார் இட்ட குறைமுறையீட்டில் மறைமுகக் கட்டளை இருந்தது. அம்முறையீடுகளைப் பார்வையிடுமாறு பயனர் ஏவ, முகவர் அக்கட்டளைக்கும் பணிந்து, அவருடைய தனிக் களஞ்சியத்தின் செய்திகளைப் பொதுவில் வெளியிட்டது. சீட்டு முறையானது, சேவையக நிரலிலும் பிழை இல்லை.

காப்பு நெறிகள்

மாதிரிக்கு அறிவுரை எழுதி வைப்பது அரண் ஆகாது. அவ்வறிவுரையும் பிறிதோர் உரையால் மீறப்படக்கூடிய உரையே. எனவே பின்வருவன தேவை.

முதலாவது, குறைந்த அதிகாரம். சால்ட்சர், ஷ்ரோடர் ஆகியோர் 1975இல் வகுத்த நெறி இது. படிப்பதற்கு மட்டுமே தேவை எனில் எழுதும் உரிமையையும், ஒரு களஞ்சியம் போதும் எனில் பிறவற்றின் உரிமையையும் சீட்டில் சேர்க்கலாகாது.

இரண்டாவது, பிரித்து வைத்தல். தனிமறைத் தரவு, நம்பத்தகாத அயல் உரை, வெளியே அனுப்பும் வழி ஆகிய மூன்றும் ஒரே அமர்வில் கூடினால் கசிவுக்கு வழி பிறக்கும். மூன்றில் ஒன்றையேனும் விலக்க வேண்டும்.

மூன்றாவது, கருவியின் விளக்கவுரையையும் ஐயுறுதல். அதனையும் மாதிரி படிப்பதால், ஏற்பளித்த பின் அது மாறினால் மீண்டும் ஆராய வேண்டும்.

நான்காவது, மனித ஒப்புதல். அழித்தல், அனுப்புதல் போன்ற மீளாச் செயல்களுக்கு முழு உள்ளீட்டையும் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். ஒவ்வொரு சிறு செயலுக்கும் கேட்டால் பயனர் படியாமலே ஒப்புவார். ஆகவே ஒப்புதல் அரிதாகவும் பொருளுடையதாகவும் இருத்தல் நன்று.

முடிவுரை

அடையாளச் சரிபார்ப்பு 'அழைப்பவர் யார்' என்ற வினாவுக்கு விடை தருகிறது. 'ஏவியவர் யார்' என்ற வினாவுக்கு விடை தருவதில்லை. முகவர் ஏமாறக்கூடும் என்பதை முன்கொண்டு, ஏமாறினாலும் இழப்பு எல்லைக்குள் நிற்குமாறு சேவையகத்தை அமைப்பதே காப்பின் இலக்கு. மாணவர் மதிப்பெண்களையும் அச்சேறாத ஆய்வேடுகளையும் முகவர்களின் கைக்கெட்டும் இடத்தில் வைக்க முனையும் கல்வி நிறுவனங்கள், முகவர் எவ்வளவு திறமையுடையது என்பதற்கு முன், அதற்கு எவ்வளவு அதிகாரம் தரப்பட்டுள்ளது என்பதையே முதலில் ஆராய வேண்டும்.