ஈரமா, பனிக்கட்டியா? இலையுதிர்காலத்தில் சுவிஸ் மலை ஏறுமுன் பார்க்க வேண்டியவை

யுத்தத்தால் இடம்பெயர்ந்து சுவிற்சர்லாந்துக்கு வந்த எமது முதல் தலைமுறையினர் பலருக்கு மலை என்பது யன்னலூடாகத் தெரியும் காட்சி மட்டுமே. உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் அவர்களின் நாட்கள் கழிந்தன. இங்கு பிறந்த பிள்ளைகளோ வார இறுதியில் நண்பர்களோடு மலைமுகடுகளில் ஏறுகிறார்கள். அந்தப் படங்களைக் கைபேசியில் பார்க்கும் ஊரிலுள்ள அம்மம்மாக்கள், "உதிலை விழுந்தால் என்ன செய்யிறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்த மலைகளில் பல வருடங்களாக நடப்பவன் என்ற முறையில், அதற்கு என்னால் இயன்ற பதில் இது.

செப்டெம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையான காலம் ஏமாற்றுக் காலம். வானம் தெளிவாக இருக்கும், வெயிலும் இருக்கும். ஆனால் கையும் காலும் ஊன்றி ஏறவேண்டிய பாறைகளில் கண்ணாடி போன்ற பனிக்கட்டி மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். வெள்ளையாகத் தெரியும் உறைபனியைக் கண்டு ஒதுங்கலாம். நிறமற்ற இந்தப் படலமோ பார்வைக்கு வெறும் ஈரம்போலவே இருக்கும்.

இது எப்படி உருவாகிறது? முதலில் மழையோ சிறு பனிப்பொழிவோ வரும். பகலில் பனி உருகிப் பாறை வெடிப்புகளால் நீர் வடியும். இரவில் அது உறையும். ஆகவே நான் நாளைய வானிலையை மட்டும் பார்ப்பதில்லை. கடந்த 3 நாட்களையும் பார்ப்பேன். மழை பெய்ததா? அதன்பின் மேகமில்லாத இரவு வந்ததா? இரண்டுக்கும் பதில் 'ஆம்' என்றால், பனிக்கட்டி இருக்கும் என்றே எண்ணிக்கொள்வேன்.

அடுத்தது வெப்பநிலை. சராசரியாக 100 மீற்றர் ஏற ஏறச் சுமார் 0.6 பாகை செல்சியஸ் குறையும். சுமார் 670 மீற்றர் உயரத்திலுள்ள சென் காலன் நகரில் 12 பாகை என்றால், 2,502 மீற்றர் உயரமான சென்டிஸ் சிகரத்தில் ஏறக்குறைய 1 பாகைதான். ஆனால் இலையுதிர்காலத்தில் பள்ளத்தாக்கை மூடுபனி மூடும்போது கீழே குளிராகவும் மேலே இதமாகவும் இருக்கும். அப்போது இந்தக் கணக்குப் பிழைக்கும். எனவே சிகரத்து வானிலை நிலையத்தின் அளவீட்டையும் இணையக் கமராக்களையும் நேரடியாகப் பார்ப்பதே நல்லது.

வானிலை அறிக்கை சொல்லும் 'பூச்சியப் பாகை மட்டம்' காற்றுக்கு உரியது. தெளிந்த இரவில் பாறை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அந்த மட்டத்துக்குக் கீழேயும் பனிக்கட்டி உருவாகலாம்.

பிறகு திசை. தெற்குச் சரிவு காலை 10 மணிக்கே காய்ந்திருக்கும். அதே முகட்டின் வடக்குப் பக்கத்தில் நாள் முழுதும் வெயில் படாமலிருக்கலாம். சென்டிசிலிருந்து றொட்ஸ்டைன் கணவாய்க்குச் செல்லும் லீசன்கிறாட் முகட்டைப் போன்ற ஒடுங்கிய பாதைகளில் சில அடிகளுக்குள் இரண்டு நிலையும் வரும். பிடித்து நடக்கப் பொருத்திய இரும்புக் கயிறும் உறைந்து வழுக்கும்.

பாதையில் கறுத்து மினுங்கும் இடத்தைக் கண்டால், பாரத்தை வைக்குமுன் கைத்தடியின் கூர்முனையால் தட்டிப் பாருங்கள். சப்பாத்துக்கு மாட்டும் இலகுவான முட்கள் சமமான பாதைக்கு உதவும். செங்குத்துப் பாறையில் அவற்றை நம்பமுடியாது. ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதால், "இதால் திரும்பி இறங்க முடியுமா?" என்பதே சரியான கேள்வி. முடியாது என்றால், அங்கேயே திரும்பவேண்டும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூடு மாற்றியபின் மாலை 5 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வெள்ளை-சிவப்பு-வெள்ளை அடையாளம் மலைப் பாதையையும், வெள்ளை-நீலம்-வெள்ளை அதைவிடக் கடினமான அல்பைன் பாதையையும் குறிக்கும். அவை பாதையின் தரத்தைச் சொல்லும். அன்றைய பனிக்கட்டியைச் சொல்லா. போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். உலங்குவானூர்தி மீட்புச் சேவையான றேகாவின் இலக்கம் 1414.

பிள்ளைகளை மலைக்குப் போகாதே என்று மறிக்கவேண்டியதில்லை. இழப்புகளைக் கண்ட குடும்பங்கள் நாங்கள். பாதி வழியில் திரும்பி வரும் பிள்ளையைக் கேலி செய்யாமல், "நல்லது செய்தாய்" என்று சொல்லப் பழகினால் போதும்.