ஏழு சுவையில் நாக்குக்கு எத்தனை?

டோக்கியோவின் அசாகுசா வட்டாரத்தில் யாகென்போரி என்றொரு பொடிக்கடை இருக்கிறது. 1625இல் தொடங்கியபோது அது வேறிடத்தில், வைத்தியர்களும் மருந்துச் சரக்குக் கடைகளும் நிறைந்த பகுதியில் இருந்தது. மருந்துச் சரக்கோடு மிளகாயைச் சேர்த்துப் பிறந்த பொடிதான் ‘ஷிச்சிமி தோகராஷி’. ஷிச்சிமி என்றால் ஏழு சுவை. தோகராஷி என்றால் மிளகாய்.

வறுக்காத மிளகாய் வற்றல், வறுத்த மிளகாய், கறுப்பு எள், கசகசா, சான்ஷோ எனும் ஜப்பானிய மிளகு, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், கஞ்சா இனச் செடியின் விதை: இவை ஏழும் இக்கடையின் சேர்மானம். கடைசிச் சரக்கைக் கண்டு மிரள வேண்டாம்; அதில் போதை இல்லை. ஜப்பானில் அந்த விதையை முளைக்காதபடி சூடாக்கித்தான் விற்கிறார்கள்.

பெயரில் ஏழு சுவை இருந்தாலும், நாக்கின் சுவை மொட்டுகளுக்கு இதில் வேலை குறைவு. மிளகாயின் காரம் சுவையே அல்ல. அதிலுள்ள கேப்சைசின், சூட்டையும் வலியையும் உணர்த்தும் நரம்புகளின் டிஆர்பிவி1 என்ற வாயிலைத் திறந்துவிடுகிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டுக்குத் திறக்கும் வாயில் அது. மிளகாய் பட்டால் சூடில்லாமலே திறக்கும். மூளை ‘சுடுகிறது’ என்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சான்ஷோவின் வேலை வேறு. அதிலுள்ள சான்ஷூல், தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டி, வாயை விறுவிறுக்க வைக்கிறது. அதன் நெருங்கிய உறவான சிச்சுவான் மிளகை உதட்டில் தடவி, லண்டன் ஆய்வாளர்கள் 2013இல் அளந்து பார்த்தார்கள். வினாடிக்குச் சுமார் 50 முறை அதிர்வதுபோல் அந்த விறுவிறுப்பு உணரப்பட்டது. ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் என்ற வாசனைப் பொருள் மூக்குக்கு. எள்ளும் விதைகளும் பல்லுக்கு.

வீட்டில் செய்வது எளிது. எள்ளையும் விதைகளையும் தனித்தனியே இளம் சூட்டில் வறுத்து ஆறவிடுங்கள். மிளகாய், சான்ஷோ, தோலை ஒன்றிரண்டாக இடியுங்கள். விதைகளை முழுசாகவே கலந்துவிடலாம். மாவாக அரைத்தால் கடிபடும் சுகம் போய்விடும். சேர்மானம் ஊருக்கு ஊர் மாறும்: நாகானோவில் இஞ்சி, கியோத்தோவில் பச்சைக் கடற்பாசி.

இதை அடுப்பிலிருக்கும் சட்டியில் போடாதீர்கள். வாசனை எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். உடோன், சோபா நூடுல்ஸோ சுட்ட கோழியோ, தட்டுக்கு வந்தபின் தூவுங்கள். கொஞ்சமாகச் செய்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மணம் மங்குமுன் தீர்த்துவிடுங்கள்.